விழுந்த பெரிய மரத்தை செயின்சாவில் அறுக்கப் போறீங்களா? முதல் வெட்டுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

புயல் கரையைக் கடந்த மறுநாள் காலை, நம்ம ஊர்த் தெருக்களில் முதலில் கேட்பது செயின்சா சத்தம்தான். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டபோதும் அப்படித்தான். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தபோதும் அப்படித்தான். மாநகராட்சி ஊழியர்களும் தீயணைப்பு வீரர்களும் ஒரே நேரத்தில் எல்லாத் தெருவுக்கும் வர முடியாது. அதனால் வாடகைக்கு மெஷின் எடுத்தோ, ஆன்லைனில் வாங்கியோ, வாசலை அடைத்துக் கிடக்கும் மரத்தை தாங்களே அறுக்க இறங்குபவர்கள் அதிகம்.

"நிற்கிற மரத்தை வெட்டுறதுதான் ரிஸ்க். விழுந்த மரம் வெறும் கட்டைதானே?" என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான விபத்துகளுக்கு இந்த நினைப்பே முதல் காரணம். விழுந்த பெரிய மரம் அசையாமல் கிடப்பது போலத் தெரியும். ஆனால் அதன் எடை ஏதோ இரண்டு, மூன்று இடங்களில்தான் தாங்கி நிற்கிறது. நடுவில் உள்ள பகுதி வளைக்கப்பட்ட வில் மாதிரி இறுகிக் கிடக்கிறது. செயின்சா வெட்டும்போது அந்த வில்லின் நாணை அறுக்கிறோம். மரம் எந்தப் பக்கம் எகிறும் என்று முன்பே தெரிந்தவர் தப்பிக்கிறார். எப்படித் தெரிந்துகொள்வது? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரு கட்டையின் எடை எவ்வளவு?

பச்சை மரம் நாம் நினைப்பதைவிட ரொம்ப கனம். இரண்டு அடி, அதாவது சுமார் 60 செ.மீ. விட்டமுள்ள அடிமரத்தில் ஒரே ஒரு அடி நீளத்துக்குத் துண்டு போட்டால், மர வகையைப் பொறுத்து அது 70 முதல் 90 கிலோ வரை இருக்கும். அதே மரத்தில் 10 அடி நீளத் தடி என்றால் முக்கால் டன். காலில் விழுந்தால் எலும்பு தாங்காது. உருண்டு வந்தால் இரண்டு பேர் சேர்ந்து பிடித்தாலும் நிற்காது.

அதனால் மெஷினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு செய்ய வேண்டிய முதல் வேலை, கையில் எதுவும் இல்லாமல் மரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி வருவது. எங்கே தரையைத் தொடுகிறது, எங்கே காற்றில் நிற்கிறது, எந்தக் கிளை அடியில் மடங்கி முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது, தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று குனிந்து பார்க்க வேண்டும். தரை சரிவாக இருந்தால் மேட்டுப் பக்கம்தான் நிற்க வேண்டும். பள்ளத்துப் பக்கம் கல்லோ கட்டையோ வைத்து முட்டுக் கொடுக்காமல் வெட்டவே கூடாது.

இழுபடும் பக்கம், நெருக்கப்படும் பக்கம்: அதென்ன?

ஒரு முருங்கைக் குச்சியை இரண்டு கையால் பிடித்து வளைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் இழுபடுகிறது, உள்பக்கம் நெருக்கப்படுகிறது. இதேதான் 2 டன் மரத்திலும் நடக்கிறது. நெருக்கப்படும் பக்கத்தில் ஆழமாக வெட்டினால் வெட்டு வாய் மூடிக்கொண்டு மெஷினைக் கவ்விக்கொள்ளும். இழுபடும் பக்கத்தில் வெட்டினால் வாய் படாரென்று திறக்கும். சில நேரம் மரம் நீளவாக்கில் பிளந்து ஆளை அடிக்கும்.

மரம் இரண்டு முனையிலும் தாங்கி, நடுவில் காற்றில் பாலம் போல நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். காம்பவுண்டு சுவர் மேலே ஒரு முனை, ரோட்டில் ஒரு முனை. புயலுக்குப் பிறகு அதிகம் பார்க்கும் காட்சி இது. இங்கே மேல்பக்கம் நெருக்கப்படுகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. மேலிருந்தே முழுவதும் அறுத்துவிடலாம் என்று இறங்கினால் பாதியில் மெஷின் சிக்கும். சரியான முறை இதுதான்: மேலே மூன்றில் ஒரு பங்கு ஆழம் வரை மட்டும் வெட்டி நிறுத்த வேண்டும். பிறகு அதற்கு நேர் கீழே, அடியிலிருந்து மேல் நோக்கி அறுத்து முதல் வெட்டோடு சேர்க்க வேண்டும். அடியிலிருந்து வெட்டும்போது மெஷின் உங்களை நோக்கித் தள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள். இழுக்கும் என்று எதிர்பார்த்துப் பிடித்திருப்பவர் அங்கேதான் தடுமாறுகிறார்.

ஒரு முனை மட்டும் தாங்கி, மறுமுனை காற்றில் நீட்டிக்கொண்டிருந்தால் எல்லாமே தலைகீழ். இப்போது மேல்பக்கம் இழுபடுகிறது. முதலில் அடியில் மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து வெட்ட வேண்டும். அடிவெட்டு போடாமல் மேலிருந்து ஆரம்பித்தால், பாதி ஆழத்திலேயே துண்டு தன் எடையால் முறிந்து, மிச்சமிருக்கும் கட்டையை நீளமாகக் கிழித்துக்கொண்டு இறங்கும்.

இன்னொரு வகையும் உண்டு. இரண்டு மின்கம்பத்துக்கோ, இரண்டு மரத்துக்கோ நடுவில் சிக்கி, பக்கவாட்டில் வளைந்து நிற்கும் தடி. மூன்றிலும் மோசமானது இதுதான். வளைவின் உள்பக்கம் நெருக்கப்படும் பக்கம். நிற்க வேண்டியதும் அந்தப் பக்கம்தான், முதல் வெட்டு போட வேண்டியதும் அந்தப் பக்கம்தான். வெளிப்பக்கம் நின்றவரைத் தடி சாட்டை மாதிரி வீசிவிடும். பழக்கமில்லாதவர்கள் பக்கவாட்டில் வளைந்த பெரிய தடியைத் தொடாமல் இருப்பதே நல்லது.

பார்த்தும் புரியவில்லை என்றால்? அனுபவசாலிகள் செய்வது, இரண்டு விரல் ஆழத்துக்கு ஒரு சின்ன வெட்டு. வெட்டு வாய் கொஞ்சம் விரிகிறதா, இறுகுகிறதா என்று உற்றுப் பார்ப்பார்கள். விரிந்தால் அது இழுபடும் பக்கம். இறுகினால் நெருக்கப்படும் பக்கம். இந்த ஒரு பழக்கம் இருந்தாலே பாதி ஆபத்து குறையும்.

மெஷினைவிட மரம் பெரிசா இருந்தா?

செயின் ஓடும் நீளமான தகட்டை 'பார்' என்பார்கள். கடைகளில் அதிகம் விற்பது 18, 20, 22 அங்குல பார்கள். ஊரில் விழும் தூங்குமூஞ்சி, ஆலமரங்களோ 3 அடிக்கு மேல் இருக்கும். பார் நீளத்தைவிடப் பெரிய கட்டையை இரண்டு பக்கத்திலிருந்தும் வெட்டி அறுக்க முடியும். ஆனால் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

முதலில் கட்டையைச் சுற்றி ஒரு கயிற்றைக் கட்டி, அதன் ஓரமாக சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு இல்லாமல் வெட்டினால் இரண்டு பக்க வெட்டும் ஒன்றோடொன்று சேராது. அடுத்து, எட்டாத தூரப் பக்கத்தை முதலில் முடியுங்கள். கடைசி வெட்டு, தப்பிக்க வழி உள்ள பக்கத்தில் இருக்க வேண்டும். சரிவான இடத்தில் அது மேட்டுப் பக்கம். பள்ளத்துப் பக்கத்தில் நின்று வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அந்த வேலையை எடுக்காதீர்கள்.

பார் முழுவதும் மரத்துக்குள் இறங்கி, அதன் பின்னால் இடம் கிடைத்ததும் வெட்டு வாயில் ஒரு ஆப்பு அடித்துவிடுங்கள். வாய் மூடாமல் அது பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் ஆப்பு கடைகளில் கிடைக்கிறது. கெட்டி மரத்தில் சீவிய ஆப்பும் போதும். இரும்பு ஆப்பு மட்டும் வேண்டாம். செயின் அதில் பட்டால் பல் தெறிக்கும்.

கட்டை முழு நீளத்துக்கும் தரையில் படிந்து கிடந்தால் வேறு பிரச்சினை. கடைசி வரை அறுத்தால் செயின் மண்ணில் உரசும். ஒரு நொடி உரசினாலே பல் மழுங்கிவிடும். இதற்கு எளிய வழி, போட வேண்டிய எல்லா வெட்டுகளையும் முக்கால் ஆழம் வரை போட்டுவிட்டு, கடப்பாரையால் நெம்பிக் கட்டையை உருட்டி, மீதியை மறுபக்கத்திலிருந்து முடிப்பது. உருட்டும்போது மெஷின் ஆஃபில் இருக்க வேண்டும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில சமயம் மெஷின் சிக்கத்தான் செய்யும். ஆத்திரத்தில் ஆட்டி இழுக்காதீர்கள். இன்ஜினை நிறுத்துங்கள். கடப்பாரையால் கட்டையைக் கொஞ்சம் தூக்கி, ஆப்பு அடித்து, வாய் திறந்த பிறகு மெதுவாக வெளியே எடுங்கள்.

வேரோடு சாய்ந்த மரம்: யாரும் எதிர்பார்க்காத ஆபத்து

சென்னை போன்ற நகரங்களில் மரங்கள் முறிவதைவிட வேரோடு பெயர்ந்து விழுவது சகஜம். சுற்றிலும் சிமென்ட் போட்டுவிட்டதால் வேர் பரவ இடமில்லை. விழுந்த மரத்தின் அடியில் ஆள் உயரத்துக்கு வேரும் மண்ணும் தட்டு மாதிரி எழுந்து நிற்கும், பின்னால் பெரிய குழி இருக்கும்.

அந்தத் தட்டை நிமிர விடாமல் பிடித்திருப்பது அடிமரத்தின் எடைதான். அடிமரத்தை அறுத்துத் தனியாக்கிய அந்த நொடியில் வேர்த்தட்டு பழையபடி குழிக்குள் சாயலாம். மீதமுள்ள அடிக்கட்டை செங்குத்தாக எழுந்து நிற்கும். சில நேரம் எதிர்ப்பக்கமும் சாயும். குழிக்குள் யாராவது இருந்தால் தப்பிக்க வழியே இல்லை. வேடிக்கை பார்க்க வரும் குழந்தைகள் முதலில் இறங்கி விளையாடுவது அந்தக் குழியில்தான் என்பதை மறக்க வேண்டாம்.

அதனால் வெட்டுவதற்கு முன்பு குழியை எட்டிப் பார்த்து, அருகில் ஒரு ஆளைக் காவலுக்கு நிறுத்துங்கள். அவரும் குழியிலிருந்து தள்ளியே நிற்க வேண்டும். வேரை ஒட்டி வெட்டாமல், குறைந்தது 6 அடி அடிமரம் வேரோடு இருக்கும்படி தள்ளி வெட்டுங்கள். வேர்த்தட்டை ஜேசிபி வைத்துப் பிடித்துக்கொள்ள முடிந்தால் அதைவிடப் பாதுகாப்பு இல்லை.

கிக்பேக் என்றால் என்ன?

முழு வேகத்தில் செயின் நொடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடும். மணிக்கு 70 கி.மீ.க்கு மேல். பாரின் மேல்பக்கத்தில் செயின் முன்னோக்கி ஓடி, நுனியைச் சுற்றி, கீழ்ப்பக்கத்தில் உங்களை நோக்கித் திரும்புகிறது. நுனியின் மேல் கால்பகுதி மரத்திலோ, பின்னால் மறைந்திருக்கும் கிளையிலோ பட்டால், செயினின் வேகம் மொத்தமும் பாரை மேலே தூக்கி, முகத்தையும் கழுத்தையும் நோக்கி எறியும். கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். கை எதிர்வினை காட்ட நேரமே கிடைக்காது.

முன்கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் காவல் தகடுதான் செயின் பிரேக். மெஷின் எகிறும்போது அது தானாகவோ, கை பட்டோ செயினை நிறுத்திவிடும். "இது அடிக்கடி மாட்டிக்குது" என்று அதைக் கழற்றி வைத்திருக்கும் மெஷின்களும் ஊரில் ஓடுகின்றன. வாடகைக்கு எடுக்கும்போது முதலில் சோதிக்க வேண்டியது அதைத்தான். பிரேக் வேலை செய்யவில்லை என்றால் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பிடிக்கும் முறையும் முக்கியம். இடது கை முன்கைப்பிடியில், கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றி இறுக்கமாக. தலை பாருக்கு நேர் பின்னால் வராமல், உடம்பு கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி இருக்க வேண்டும். தோள் உயரத்துக்கு மேலே தூக்கி வெட்டுவது, ஏணியில் நின்று வெட்டுவது, ஒற்றைக் கையால் வெட்டுவது மூன்றும் கூடவே கூடாது.

ஆணியும் தென்னையும்

நம்ம ஊர்ச் சாலை மரங்களுக்கென்றே ஒரு தனிப் பிரச்சினை இருக்கிறது. டியூஷன் சென்டர் போர்டு, வாடகை வீடு விளம்பரம், கேபிள் கம்பி என்று ஆண்டுக்கணக்கில் அடித்த ஆணிகள் மரத்துக்குள்ளேயே மூடிப்போயிருக்கும். வேகமாக ஓடும் செயின் ஆணியில் பட்டால் பல் உடைந்து தெறிக்கலாம், செயினே அறுந்து சாட்டை போல் வரலாம். ஆணி அடிப்பது பெரும்பாலும் தரையிலிருந்து ஆள் உயரம் வரைதான். அந்தப் பகுதியில் பட்டையைச் சீவிப் பார்த்து, கருநீலக் கறையோ துருவோ தெரிந்தால் அந்த இடத்தைத் தவிர்த்து வெட்டுவது நல்லது.

தென்னை மற்ற மரங்களைப் போல இல்லை. அதற்கு ஆண்டு வளையம் கிடையாது. வெளிப்பகுதி இரும்பு மாதிரி கெட்டி, நடுப்பகுதி மெத்து. நார் அதிகம் என்பதால் செயினை ஓட்டும் பல்சக்கரத்தின் மூடிக்குள் நார் போய் அடைத்துக்கொள்ளும். செயினும் சீக்கிரம் மழுங்கும். தோப்பில் வேலை செய்பவர்கள் அடிக்கடி மெஷினை நிறுத்தி, மூடியைத் திறந்து நாரை எடுத்துவிட்டு, செயினை அரம் போட்டுக்கொள்வது இதனால்தான்.

செயின் மழுங்கியதை எப்படிக் கண்டுபிடிப்பது? வெளியே வரும் தூளைப் பாருங்கள். சின்னச் சின்னச் செதிலாக வந்தால் செயின் கூர்மையாக இருக்கிறது. மாவு மாதிரி வந்தால் மழுங்கிவிட்டது. மழுங்கிய செயினை அழுத்தி அழுத்தி வெட்டும்போதுதான் கை தளர்ந்து மெஷின் நழுவுகிறது.

லுங்கி, செருப்போடு வெட்டலாமா?

வைரலாகும் வீடியோக்களில் லுங்கியை மடித்துக் கட்டி, ஹவாய் செருப்போடு ஆலமரத்தையே துண்டு போடுகிறார்கள். பார்க்க சாகசமாக இருக்கும். ஆனால் தொங்கும் துணி செயினில் சிக்கினால் கால் கூடவே போகும்.

செயின்சாவுக்கென்று தனிக் கால் உறை இருக்கிறது. அதற்குள் நீளமான நார் அடுக்குகள் இருக்கும். செயின் பட்டதும் அந்த நார்கள் உருவிக்கொண்டு வந்து பல்சக்கரத்தைச் சுற்றி, செயினை நிறுத்திவிடும். வெட்டுக்காயம் அதிகம் படுவது இடது தொடையிலும் முழங்காலிலும் என்பதால் செலவு செய்ய வேண்டிய முதல் பொருள் இது. அது இல்லையென்றாலும் இறுக்கமான தடித்த பேண்ட், முன்பக்கம் இரும்பு வைத்த ஷூ, கண்ணை மூடும் கவசம், ஹெல்மெட் இவை கட்டாயம். மெஷின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். காதை மூடாமல் தினமும் வேலை செய்தால் கேட்கும் திறன் போய்விடும்.

பெட்ரோல் போடும்போது

பெரும்பாலான பெட்ரோல் மெஷின்கள் டூ ஸ்ட்ரோக். பெட்ரோலில் 2டி ஆயில் கலக்க வேண்டும். மெஷினையும் ஆயிலையும் பொறுத்து லிட்டருக்கு 20 மில்லி அல்லது 40 மில்லி என்று இருக்கும். கையேட்டில் உள்ளதுதான் கணக்கு. செயின் ஆயிலுக்குத் தனி டேங்க் உண்டு. சூடான இன்ஜினில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். ஊற்றிய இடத்திலிருந்து 10 அடி தள்ளிப் போய் ஸ்டார்ட் செய்யுங்கள். மெஷினைத் தரையில் வைத்து, பின்கைப்பிடிக்குள் காலை வைத்து மிதித்துக்கொண்டு, செயின் பிரேக் போட்ட நிலையில் கயிற்றை இழுக்க வேண்டும். தொங்கவிட்டு இழுப்பது பார்க்க ஸ்டைல், கால் தொடைக்கு ஆபத்து.

எப்போது கையை வைக்கவே கூடாது?

மரத்தில் மின்கம்பி சிக்கியிருந்தால், கரண்ட் இல்லை என்று யார் சொன்னாலும் தொடாதீர்கள். பக்கத்து வீட்டில் ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ ஓடினாலும் கம்பியில் மின்சாரம் திரும்ப வர வாய்ப்பு இருக்கிறது. மின்வாரியத்தின் மின்னகம் சேவை எண் 94987 94987. மின்வாரிய ஊழியர் வந்து இணைப்பைத் துண்டித்து உறுதி செய்த பிறகே வேலை. சென்னைக்குள் சாலையில் விழுந்த மரத்துக்கு மாநகராட்சியின் 1913-ல் புகார் செய்யலாம். சாலையோர மரம் அரசுக்குச் சொந்தம் என்பதால், வழியை அடைக்காத கட்டையைத் தகவல் சொல்லாமல் அறுத்து எடுத்துச் செல்வதும் சிக்கலாகும்.

வீட்டுக் கூரை மேலோ, கார் மேலோ சாய்ந்த மரம், இன்னொரு மரத்தில் மாட்டி அந்தரத்தில் தொங்கும் மரம் இவை இரண்டும் கிரேனும் பழகிய ஆட்களும் தேவைப்படும் வேலைகள். வாடகை மெஷினோடு இறங்க வேண்டாம்.

தனியாகவும் வேலை செய்யாதீர்கள். கூட இருப்பவர் குறைந்தது 15 அடி தள்ளி, நீங்கள் பார்க்கும் இடத்தில் நிற்கட்டும். சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது. எனவே கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சுத்தமான துணி, கட்டுத்துணி, சார்ஜ் உள்ள போன் மூன்றும் அவரிடம் இருக்க வேண்டும். ஒருவேளை வெட்டுப்பட்டால், காயத்தின் மேல் துணியை வைத்து இரண்டு கையாலும் பலமாக அழுத்துங்கள். ரத்தம் ஊறினாலும் அந்தத் துணியை எடுக்காமல் அதன்மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். மஞ்சள் தூள், காபித் தூள் எதுவும் போடாதீர்கள். 108-க்குப் போன் செய்யும்போது தெருப் பெயரோடு, மரம் விழுந்து எந்தப் பக்கம் வழி அடைத்திருக்கிறது, ஆம்புலன்ஸ் எந்தப் பக்கமாக வர முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.